பாம்பு கடிச்சதுக்குப் பீடி காரணம்

பீடி குடிக்கவனைக் கண்டா இந்த ஊர்ல எவன் வேணாலும் புத்தி சொல்லலாம். அம்பத்தெட்டாம் வருஷத்துச் சீசன்ல அந்தக் கூத்தை நான் நல்லாப் பாத்துட்டேன். தென்காசி ஜவுளிக்கடை சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி 'புகை ஒழிப்புச் சங்கம்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, அதுக்குத் தலைவராவும் அவரே உக்காந்துக்கிட்டாரு. குத்தாலத்துக்குக் குளிக்கப் போற சனங்களுக்கு நடுவுல ஒரு கழுதையை நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. கழுத்துல பீடி மாலை. தொங்குன அட்டையில 'நான்கூடக் குடிப்பதில்லை'ன்னு எழுதியிருந்துச்சு. மைக்செட்டுல எங்களுக்குப் பேரு கொள்ளிவாய்ப் பிசாசு. போங்கலே, கழுதை ஜவுளிக்கடையும்தான் வைக்கதில்லைன்னு என் சைக்கிள் கடை வாசல்ல நின்னு ஒரு பீடியைப் பத்த வச்சேன். அதோட விட்டிருந்தா நானும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.

அந்த ஆனியிலதான் எங்க அண்ணன் முத்துக்குமாரசாமி செத்துப் போனான். அச்சன்புதூர்ல வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனவனை வரப்புல நல்லபாம்பு கொத்திட்டு. விஷக்கடி வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடினோம். வாசலுக்குப் போகுமுன்னே நுரை தள்ளி அடங்கிட்டான். கால்ல பல்லு பதிஞ்ச தடத்தை ஊரே பாத்துச்சு.

துட்டி கேக்க அண்ணாச்சி வந்தாரு. வந்தவரு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணுமா இல்லையா? பந்தல்ல அத்தனை பேரு முன்னால எந்திரிச்சு, "பாம்பு எல்லாரையும்தான் கடிக்கு. பீடி குடிக்கவனுக்கு ரத்தம் கெட்ட ரத்தம். அதான் விஷம் குபுகுபுன்னு ஏறிட்டு. இது பாம்புச் சாவில்லை, பீடிச் சாவு"ன்னாரு. சொல்லிட்டு, பொடிமட்டையைப் பிரிச்சு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்தாரு. எனக்குத் தலைக்கு ஏறிட்டு. எழவு வீடாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அண்ணன் பெண்டாட்டி, எங்க மைனி வடிவம்மாள், அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா. அவ வீட்டுல இருந்து பீடி சுத்துதவ. அண்ணன் குடிச்சதெல்லாம் அவ மடியில இலையும் தூளும் போட்ட சொளவை வச்சுச் சுத்துனதுதான். நல்ல இலையாப் பாத்து அவனுக்குன்னு தனியா எடுத்து வைப்பா. மறுநாள்ல இருந்து சொளவைத் தொடலை. சோறும் இறங்கலை. "நான்தான தம்பி அவுகளுக்கு விஷத்தைச் சுத்திச் சுத்திக் குடுத்திருக்கேன்"னு சொவரைப் பாத்துச் சொல்லுதா. "மைனி, கடிச்சது பாம்பு"ன்னு நானும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துதேன். "படிச்சவுக சொல்லுதாகளே"ன்னு ஒரே பதில். பிள்ளைக அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கிடக்கு. இப்படியே போனா இன்னொரு பாடை கட்டணும்னு எனக்குப் பயம் வந்துட்டு.

இது போதாதுன்னு குத்தாலத்துல, அருவிக்குத் திரும்புத முக்குல ஒரு போர்டு வச்சாங்க. பாடையில ஒருத்தன் படுத்திருக்கான், வாயில பீடி. கீழ, 'அச்சன்புதூர் முத்துக்குமாரசாமியைப் பாரீர்!' ஈரத்துண்டோட வாரவன் போறவனெல்லாம் நின்னு படிச்சுட்டு 'ச்சு' கொட்டுதான். படத்துல பாம்பைக் காணும்! ஓரத்துல ஒரு வாலையாவது வரையக் கூடாதாலே?

நேரா ஜவுளிக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, போர்டைக் கழட்டுங்க. கழட்டாட்டியும் போகட்டும். ஒரு எட்டு வந்து, பாம்புதான் கொன்னுச்சுன்னு எங்க மைனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயில வந்தாத்தான் அவ நம்புவா."

"அப்படிச் சொன்னா எங்க பிரசாரம் என்னத்துக்கு ஆகும்? அந்தப் போர்டைப் பாத்து எத்தனை பேரு பீடியை விட்டிருக்கான் தெரியுமா?"

"அதுக்கு எங்க மைனி சாகணுமா?"

"நீ மொதல்ல வெளிய நில்லுடே. பீடி நாத்தம் துணியில ஏறுது." சொல்லிக்கிட்டே பொடியை இழுத்தாரு.

"அது மட்டும் என்ன, சந்தனமா? அதுவும் புகையிலைதான?"ன்னேன்.

"பொடியில புகை வருதாடே?"ன்னு கேட்டுட்டு ஒரு தும்மல் போட்டாரு. நாசமாப் போக! இவருகிட்ட என்னத்தப் பேச?

பதினாறாம் நாள் வந்துட்டு. செத்தவுகளுக்குப் பிடிச்சதைப் படையல்ல வைக்கது எங்க வழக்கம். கருவாட்டுக் குழம்பு, அவிச்ச முட்டை, காப்பி எல்லாம் இருந்துச்சு. பீடி மட்டும் இல்லை. சொந்தக்காரங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காங்க. "வேண்டாம், சங்கத்துக்காரங்க பேசுவாங்க"ன்னு ஒரு பெரியவர் முணுமுணுக்காரு. செத்தவன் இலைக்கும் சங்கத்துல உத்தரவு வாங்கணும் போல! நான் பெட்டிக்கடைக்குப் போயி ஒரு கட்டு வாங்கிட்டு வந்து இலை ஓரத்துல வச்சேன்.

மைனி அதை எடுத்து மோந்து பாத்தா. "கடைப் பீடி அவுகளுக்குத் தொண்டையை அறுக்குமே"ன்னா. உள்ள போயி சொளவை எடுத்துட்டு வந்து உக்காந்து, ஒண்ணே ஒண்ணு சுத்துனா. நூலைக் கட்டி முடிச்சு, இலைக்கு நேரா நீட்டுன கையை அப்படியே நிறுத்திட்டா.

"தம்பி, இதை வச்சா அவுகளுக்கு அங்கனயும் எதுவும் ஆயிருமோ?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துட்டு.

"அங்கன பாம்பும் கிடையாது, சிவசுப்பிரமணியனும் கிடையாது. வையி மைனி"ன்னேன்.

வச்சா. அதுவரைக்கும் தன்னைத்தான் வஞ்சுக்கிட்டுக் கிடந்தா. அப்பத்தான் அண்ணனை நினைச்சு அழுதா.