இரண்டாவது கணினி பேசாவிட்டால்

காலையிலிருந்து திரையில் நாற்பத்திரண்டு மில்லிமீற்றர் என்றே இருந்தது. வெளியே இரத்தினபுரி நகரமே தெரியாதபடி மழை அடித்தது. சுகந்தினிக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

தோட்டங்களில் பொருத்திய மழைமானிகளின் அளவுகளைச் சேமித்துக் காட்டும் சிறிய நிறுவனம் அது. முதல் கணினி இந்த அலுவலகத்தில், அதன் நகலை வைத்திருக்கும் இரண்டாவது கணினி எம்பிலிப்பிட்டியவில். அங்கே போகும் இணைப்பு அறுந்திருந்தது. மேலாளர் கேதீசன் எழுதிய வழிகாட்டியை மறுபடி திறந்தாள். ‘ஒத்திசைவு இயங்கும்போது ஒவ்வோர் அளவும் இரு இடத்திலும் பதியும். மாற்ற வேண்டாம்.’ ஓரிடம் பேசாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. நகலிடமிருந்து ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை முதல் கணினியும் புதிய அளவைப் பதியாமல் காத்து நிற்கிறது. தோட்டத்து ஆபீசும் இதே பழைய எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

நிவித்திகலப் பக்கம், மண் சரியக்கூடிய மேட்டுக்குக் கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவளுடைய அக்கா ஷாமிளா இருந்தாள். போன் எடுத்தவள், பயமில்லை என்று ஆபீசில் சொன்னதாகவும் குசினியில் சோறு அடுப்பில் இருப்பதாகவும் சொன்னாள்.

“அக்கா, அது காலையில உள்ள அளவு. இப்ப எவ்வளவு பேஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருங்க.”

கேதீசனுக்குத் தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை. ஒத்திசைவை நிறுத்தினால் அளவுகள் ஒரே இடத்தில்தான் இருக்கும். இந்தக் கணினியும் போனால் எல்லாம் போய்விடும். இருந்தும் நிறுத்தினாள். எண் ஒரே தாவலில் அபாய எல்லையைத் தாண்டியது. அதைப் பார்த்துத் தோட்டத்து ஆபீசில் சைரன் ஊதினார்கள்.

பின்னேரம் மேடு சரிந்து குசினிச் சுவர்களை உள்ளே தள்ளியது. லயத்தில் யாரும் இல்லை.

மறுநாள் கேதீசன் வழிகாட்டியைத் திறந்து வாசித்தார். “எழுதினது பிழையில்லை. ஆனா பாதியிலை விட்டிட்டன்.”

அவரும் சுகந்தினியும் அதைத் திருத்தி எழுதி, வரவேற்பில் இருக்கும் பஸ்னாவிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். அப்படியானால் திரையில் உள்ளதை நம்பலாமா, கூடாதா என்று அவள் கேட்டாள். பதிலையே முதல் வரியாக்கினார்கள்: ‘மழை பெய்தும் எண் மாறாவிட்டால், அதை நம்பாதீர்கள்.’ சிங்களத்திலும் எழுதினார்கள்.

ஷாமிளா பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். சுகந்தினி திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.