மணவாளன் வீட்டு நீலத்திரை

ஒரு மனிதனின் நினைவு அழியும்போது ஒரு யுகம் அழிகிறது. ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில், ஃபோர்மேன் மணவாளன் வீட்டில் புதன்கிழமை மதியம் அந்த யுகம் ஏழாவது முறையாக அழிந்தது. திரை நீலமாகி, மெமரியில் ஏதோ கோளாறு என்று ஆங்கிலத்தில் முனகிவிட்டுக் கணினி தானாக அணைந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு விழா. அங்கே அவருடைய சுயசரிதை வெளியிடப்படும் என்று அழைப்பிதழில் தங்க எழுத்தில் போட்டாகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஃபைல் வந்தால்தான் ஆச்சு என்று அச்சகத்துக்காரர் சொல்லியிருந்தார்.

மண்ணூர்பேட்டையிலிருந்து பழுதுபார்க்க வந்த சபீனா, ஒரு பென் டிரைவைச் செருகி மெமரி சோதனையை ஓடவிட்டாள். "கொஞ்ச நேரம் ஆவும் சார். பதினாறு வருஷத்து மெஷின். மெதுவாத்தான் போவும். தப்பு இருந்தா செவப்புல காட்டும்."

எண்கள் சோம்பலாக ஏறின. திரையின் வெளிச்சம் சுவரில் குளத்து நீர் மாதிரி அசைந்தது. மணவாளன் கண்ணை மூடினார். நாற்காலி தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது போலிருந்தது. தன் வாழ்வின் நாட்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்தார்: வேலையில் சேர்ந்த நாளின் மழை, முதல் சம்பளத்தில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி, கடைசி ரயிலைத் தவறவிட்ட இரவுகள். கண்ணைத் திறந்தபோது திரையில் சிவப்பு வரிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வரிக்கும் அந்த நாட்களில் ஒன்று எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போனது.

"போகுதும்மா... எல்லாம் போகுது."

"ஒண்ணும் போவல சார். நீங்க எழுதுனது ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா கீது. இது ரேம். வேலை நடக்கசொல்ல மட்டும் வாங்கி வெச்சிக்கும்." கணினியை அணைத்து, மூடியைக் கழற்றிய சபீனா அப்படியே நின்றாள். "இன்னா சார், உள்ள கோயிலே கட்டி வெச்சிக்கினு கீறீங்க?"

ரேம் பட்டைகள் இரண்டிலும் சந்தனம் அப்பியிருந்தது. அதன் மேல் குங்குமம். வழிந்தது செருகும் இடத்திலேயே காய்ந்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்சதும்மா. எங்க ஃபேக்டரி ஷாப்ல எந்த மெஷினையும் மேலோட்டமா கும்பிடுற பழக்கமே கிடையாது. கழட்டி, பாகம் பாகமா பொட்டு வெப்போம்."

"எனக்கு ஒரு நாள் ஒரு முழம் பூ வாங்கினு வந்ததில்ல," என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி புஷ்பாவின் குரல் வந்தது. "பொட்டிக்கு பாகம் பாகமாம்."

சபீனா பட்டைகளை உருவி, பென்சில் ரப்பரால் அவற்றின் பொன்னிற ஓரத்தைத் தேய்த்தாள். செருகும் இடத்தைப் பிரஷ்ஷால் துடைத்தாள். மறுபடி சோதனை ஓடியது. ஒரு சிவப்பு வரிகூட விழவில்லை. மணி நாலரை.

"ஃபைலு எங்க சார்?"

"தோ, மேலேயே இருக்கு. அப்படியே அனுப்பிடும்மா. திறக்கவேணாம்."

"தெறக்காம எப்டி? இத்தினி வாட்டி ஆஃப் ஆயிகீது, கெட்டுப்போயிருந்தா?"

திறந்தாள். புஷ்பாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தாள். ஃபைலில் ஒரு பழுதும் இல்லை. முதல் பதினாறு பக்கங்கள் பெரிய மனிதர்களின் வாழ்த்துரைகள்; அத்தனையையும் மணவாளனே எழுதியிருந்தார். பதினேழாம் பக்கத்தில் சுயசரிதை ஆரம்பித்தது. அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது; அதற்குக் கீழே வெறும் வெள்ளை.