கார்மோராவின் வருடங்கள்

2003ஆம் ஆண்டு ஆரணியில் கார்மோரா ஆடுகிறவர்கள், நான்சிக்குத் தெரிந்து, இரண்டே பேர். ஒருத்தி அவள். மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இன்னொருத்தி சுகன்யா. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த துரைக்கண்ணுவின் பிரவுசிங் சென்டரில்தான் இருவருக்கும் பழக்கமாயிற்று.

கார்மோரா ஒரு ஜப்பானிய வீடியோ கேம். பன்னிரண்டு வருடங்களில் ஏழு பாகங்கள் வந்திருந்தன. எல்லாம் ஒரே ராஜ்ஜியத்தின் கதை, ஆனால் வரிசையாக வரவில்லை. மூன்றாம் பாகத்தில் கிழவியாக இருக்கிற ராணி ஐந்தாம் பாகத்தில் தொட்டிலில் கிடப்பாள். எந்தச் சம்பவம் எந்த வருடம் நடந்தது என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னதே இல்லை. உலகமெங்கும் ரசிகர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சுகன்யாவுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

"கொடியப் பாருடி. ரெண்டாவது பாகத்துல பார்டர்ல ஒம்போது பூ. நாலாவதுல ஏழுதான். ரெண்டு நாட்டத் தோத்துட்டான், பூவ எடுத்துட்டான். அப்ப நாலாவதுதான பின்னாடி?"

நான்சி வேறு வழியில் போனாள். கல்லறைகளில் இருக்கும் எண்கள், தூணில் வெட்டிய பெயர்கள், யாருக்கு என்ன வயது என்று குறித்துக் குறித்துக் கணக்குப் போட்டாள். எட்டு மாதத்தில் முந்நூறு வருடச் சரித்திரம் ஓரளவு வரிசைக்கு வந்தது. எல்லாம் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலில் இருந்தது. சுகன்யா ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள்: கண்டுபிடிக்கிறவள் டைப் அடிக்கக் கூடாது, மற்றவளிடம் சொல்ல வேண்டும், கேட்டவள்தான் அடிக்க வேண்டும். "அப்பதான் ரெண்டு பேருக்கும் மண்டைல ஏறும்" என்பாள். முடிந்ததும் இரண்டு பேர் பெயரையும் போட்டு இணையத்தில் வெளியிடுவதாகப் பேச்சு.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, நான்சி கார்மோரா ரசிகர்களின் தளம் ஒன்றைத் திறந்தாள். அவளும் சுகன்யாவும் எழுதிய சரித்திரத்தின் முதல் நூறு வருடம் அங்கே இருந்தது. கொடியின் பூக்கணக்கு உட்பட, வார்த்தை மாறாமல். எழுதியவர் பெயர் 'ஆர்னி எக்ஸ்பர்ட்'. கீழே ஐம்பது பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

ஆர்னி என்றால் ஆரணி. ஆரணியில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் எதுவும் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தாள். அவள் உள்ளே வந்தால் சுகன்யா திரையில் இருந்ததைச் சட்டென்று மூடினாள். முன்பெல்லாம் விரித்தே கிடக்கும் சுகன்யாவின் நோட்டு இப்போது பைக்குள் போனது. "வேற யார்கிட்டயாவது இதப் பத்திப் பேசினியா?" என்று ஒருநாள் சுகன்யாவே கேட்டாள். திருடியே போலீஸைக் கூப்பிடுகிறாள் என்று நான்சி நினைத்தாள். எட்டு மாதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைப் பங்கு போட்டுத் தின்றவள்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வடக்குப் பாலம் இடிந்த வருடம் 241. அதை 214 என்று சுகன்யாவிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சுகன்யா தலையாட்டிக்கொண்டாள்.

பிறகு பள்ளியில் பரீட்சை வேலை. பத்து நாள் கழித்துத் தளத்தைப் பார்த்தபோது அடுத்த பகுதி வந்திருந்தது. வடக்குப் பாலம் இடிந்தது: 214.

அன்று மாலையே அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு சென்டருக்குப் போய்ச் சுகன்யாவின் மேஜைமேல் போட்டாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

சுகன்யா காகிதத்தைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "நான் உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். நீ என்னைக் கேக்கறியா?"

"பாலம் இடிஞ்சது 214னு உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். அது பொய். உனக்காகவே சொன்ன பொய்."

சுகன்யா விரலால் கடைசி வரியைக் காட்டினாள். கப்பல் தலைவன் ஓரின் இறந்தது: 302. "ஓரின் சாவறதே எந்தப் பாகத்துலயும் கிடையாது. போன மாசம் உன்கிட்ட நான் அளந்து விட்டது. நீதான் திருடறேன்னு ஒரு மாசமா நெனச்சிகினு இருக்கேன்."

நான்சி காகிதத்தை இழுத்து இரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள்.

"ஓரின் விஷயத்தை நான் ஃபைல்ல அடிச்சேன்" என்றாள் நான்சி.

"பாலத்த நான் அடிச்சேன்."

இரண்டு பொய்யும் ஒன்றாக இருந்த இடம் அந்த ஃபைல் மட்டும்தான். அச்சுத்தாளில் பதிவு போட்ட நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சென்டர் கிடையாது. ஷட்டர் சாவி ஒரே ஆளிடம்தான்.

துரைக்கண்ணு கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். கம்ப்யூட்டர் வந்ததும் அதை மூடிவிட்டு இந்தக் கடையைப் போட்டார். இருவரும் சேர்ந்து வந்து நின்றதைப் பார்த்ததுமே பேப்பரை மடித்து வைத்தார்.

"அண்ணா, ஆர்னி எக்ஸ்பர்ட் நீங்கதான?" என்றாள் சுகன்யா.

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல சும்மா படிச்சிகினு இருந்தேன்மா. ஞாயித்துக்கெழம வந்து நானே ஆடியும் பாத்தேன். அப்புறம் ஒரு நாள் கொஞ்சம் எடுத்துப் போட்டேன். மறுநாள் பாத்தா பிரேசில்லேர்ந்து ஒருத்தன் 'சார்'னு எழுதி சந்தேகம் கேக்கறான். இன்ஸ்டிடியூட்ட மூடின அப்புறம் என்னை எவனும் சார்னு கூப்பிட்டதில்ல. பதில் போட்டேன். அப்படியே போயிகினு இருந்தது."

"எங்க பேரையும் போட்டிருக்கலாமே?" என்றாள் நான்சி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கே எழுதிடறேன்மா" என்றார்.

மறுநாள் அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து உண்மையை எழுதினார். இது ஆரணியைச் சேர்ந்த நான்சி, சுகன்யா இருவரின் வேலை, பாலமும் ஓரினும் தவறு, மன்னிக்கவும். நல்ல ஆங்கிலம், ஒரு எழுத்துப்பிழை இல்லை.

யாரும் நம்பவில்லை. கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று எழுதினார்கள். பொறாமைக்காரர்களின் வேலை என்றார் ஒருவர். ஓரின் 302இல் இறந்ததற்கு ஆறாம் பாகத்தில் ஆதாரம் இருக்கிறது என்று பிரேசில்காரர் ஒரு படமே போட்டார். ஏதோ ஒரு பாறை. உண்மையான ஆர்னி எக்ஸ்பர்ட் திரும்பி வர வேண்டும் என்று முப்பது பேர் கையெழுத்திட்டார்கள்.

"நம்மள யாருன்னு கேக்கறானுங்க" என்றாள் சுகன்யா. சிரிப்பு வரவில்லை.

துரைக்கண்ணு அந்தக் கணக்கை மூடினார். பெண்கள் இருவரும் வேறு சென்டருக்குப் போகவில்லை. ஊரில் நல்ல சென்டர் அது ஒன்றுதான். ஆனால் ஃபைலை சிடியில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார்கள். அவரும் அவர்களிடம் மணிக்கணக்குப் பார்த்து வாடகை கேட்பதை விட்டுவிட்டார்.

2005இல் எட்டாம் பாகம் வந்தது. சுகன்யா போன் செய்தாள். "வர்றியா?" நான்சி சென்டருக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பழையபடியே இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினார்கள், முறுக்குத் தின்றார்கள். பேச்சோடு பேச்சாகச் சுகன்யா சொன்னாள்: "கிழக்குக் கோட்டை வாசல்ல வருசம் பொறிச்சிருக்கு. 188."

நான்சியின் பேனா காகிதத்தின்மேல் நின்றது. சுகன்யா அதைப் பார்த்துவிட்டாள்.

"நிஜம்தான்டி."

"தெரியும்" என்று சொல்லி நான்சி எழுதிக்கொண்டாள்.

சுகன்யா பஸ் பிடிக்கக் கிளம்பிப் போனாள். நான்சி இன்னும் அரை மணி நேரம் இருந்தாள். கிழக்குக் கோட்டைவரை குதிரையை ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நின்று பார்த்தாள். 188தான். தன்மேலேயே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், அங்கே போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.