அம்மியில் ஓர் அம்புக்குறி

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தபீதாளின் அம்மிக்கு அடியெல்லாம் வேண்டியதில்லை. அவள் புருஷன் அசரியா வாத்தியாருக்கு மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மாறுதல் கடிதம் வந்தால் போதும். கல்யாணமான வருஷம் திருப்பதியில் வாங்கிய கல் அது. அங்கிருந்து குப்பம், குப்பத்திலிருந்து குடிபாலா, அப்புறம் சித்தூர். இருபத்திரண்டு வருஷத்தில் வீடு மாறியது, அடுப்பு மாறியது, தண்ணீரின் ருசிகூட மாறியது. அவள் அரைக்கும் மசாலா மட்டும் மாறவில்லை.

ஊர்களை நம்புவதை அவள் விட்டு வெகுநாளாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி முகம் பழகுவதற்குள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். கூடவே வரும் என்று அவள் நம்பியது இரண்டைத்தான், புருஷனையும் அம்மியையும். அதிலும் அம்மிதான் சொன்னபடி கேட்கும்.

இந்தத் தடவை மாறுதல் நகரிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு. 1960 ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த ஊர் மதராஸ் ராஜ்யம். ஒரு மைல் முன்னால் இருக்கும் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிடும். அதற்காகச் சர்வேக்காரர்கள் வந்து நடுவில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாநிலங்கள் பங்கு பிரித்துக்கொள்ளும்போது குறுக்கே போகாமல் இருப்பதுதான் புத்தி. ஆனால் வாத்தியார் வேலையில் சேரவேண்டிய தேதி மார்ச் மாதத்தில் வந்து தொலைத்தது.

அசரியா ஒழுங்குக்குப் பேர்போனவர். சாமான் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டார். அரிசிப் பானை மூன்று, முறம் ஐந்து, அம்மி ஏழு, குழவி எட்டு. புறப்படுவதற்கு முன் தபீதாள் அம்மியைக் கொத்தி வாங்கியிருந்தாள். கொத்தின முகம் வண்டியில் உரசி வீணாகக் கூடாது, எது மேல்பக்கம் என்று வண்டிக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? கல்லின் பக்கவாட்டில், ஏழுக்குக் கீழே, பெரிதாக ஓர் அம்புக்குறியும் போட்டார். கட்டிலோடு சேர்த்துக் குழவியை முந்தின நாளே முதல் வண்டியில் அனுப்பிவிட்டார்.

மறுநாள் நகரியிலிருந்து மாட்டுவண்டி. ஆந்திராவின் கடைசி ஊரில், ஏரிக்கரை இறக்கத்தில், சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. மேலே இருந்த சாக்குமூட்டை உருண்டு கிழிந்து, அம்மி தெருவில் குப்புற விழுந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவன் அம்புக்குறியைப் பார்த்தான்.

"ராயி! ராயி!" என்று தெலுங்கில் கத்தினான்.

"கல்லு! கல்லு!" என்று தமிழில் கத்திக்கொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். எந்த ராஜ்யம் என்று வருஷக்கணக்காக அடித்துக்கொண்ட ஊர், இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாய் நின்றது. நாலு நாளுக்கு முன்தான் எல்லையில் நட்ட, நம்பரும் அம்புக்குறியும் போட்ட சர்வே கல் ஒன்று காணாமல் போயிருந்தது.

கிராம முன்சீப் நாராயணசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "நம்பர் கீது. அம்பு கீது. பட்டப்பகல்ல ராஜ்யத்தையே வண்டில ஏத்திக்கினு போறீங்களே சார்?"

"அது அம்மிங்க," என்றார் அசரியா, ஈனசுரத்தில்.

"அம்மின்னா குழவி எங்க?"

"நேத்தே அனுப்பிட்டேன்."

கூட்டம் சிரித்தது. குழவி இல்லாத அம்மியை யார் நம்புவார்கள்? தபீதாள் வண்டியை விட்டு இறங்கினாள். கோபத்தில் அவளுக்குக் காது சிவந்திருந்தது. "ஒரு குழவி குடுங்க. அரைச்சிக் காட்டறேன். வாய்ல வெச்சிப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க."

எதிர்வீட்டிலிருந்து பொன்னியம்மா என்ற பெண் எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்ல கீது. இரு, எடுத்தாறேன்கா."

தபீதாள் காத்திருக்காமல் அவள் பின்னாலேயே உள்ளே போனாள். அடுப்பு ஓரம் ஒரு நீளக்கல்லின்மேல் குழவி கிடந்தது. கல்லின் பக்கத்தில், சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாமல், ஓர் அம்புக்குறி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க அம்மி பொங்கலுக்கு ரெண்டா ஒடஞ்சி பூடுச்சி," என்றாள் பொன்னியம்மா. "இது ரோட்டோரம் சும்மா தானே நின்னுகினு இருந்திச்சி. யாரும் ஒண்ணும் அரைக்கல."

வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் தபீதாளின் அம்மி அந்த நிமிஷமே வண்டி ஏறிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கல்லின் ஓரத்தில் காலையில் அரைத்த மிளகாயும் பூண்டும் இன்னும் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நல்லா அரைக்குதா?" என்று கேட்டாள்.

"எங்க அரைக்குது? வழுக்குது. வேற இன்னா கீது என்கிட்ட?"

தபீதாள் குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்: வறுத்த வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, கல்லுப்பு. தபீதாள் அம்மியை நிமிர்த்திக் கழுவி, முட்டி போட்டு உட்கார்ந்து அரைத்தாள். இரவல் குழவி முதலில் முரண்டு பிடித்தது. ஒட்ட நின்றிருந்த பொன்னியம்மா கேட்காமலே ஒரு கை கொடுத்தாள். நாலே இழுப்பில் துவையல் வெண்ணெயாய்த் திரண்டது. முன்சீப் ஓர் உருண்டை வாயில் போட்டார், கண்ணை மூடினார், சோறு இருக்கிறதா என்று கேட்டார்.

"அம்மிதான்," என்று தீர்ப்பும் சொன்னார். "சந்தேகமே இல்ல. ஆனா திங்கக்கெழம சர்வே இன்ஸ்பெக்டர் வர்றாரு. கல்லு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? இது அம்மியாவே இருந்துட்டுப் போவட்டும், எல்லையில நட்டுடறேன். அம்பு கூட கீது. ரசீது எழுதித் தந்துடறேன்."

"ரசீது தராரே, தபீதா," என்றார் அசரியா.

தபீதாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். தான் வாங்கிய கல், தன் கை தேய்த்த கல், அதை முதுகெலும்பில்லாத இரண்டு ஆண்பிள்ளைகள் ரசீதில் முடிக்கப் பார்க்கிறார்கள். அம்மியின்மேல் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எந்தப் பெண்ணும் உட்கார மாட்டாள். இப்போது உட்கார்ந்தாள். பெண்கள் "அய்யய்யோ, அம்மி மேலயா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நடுங்க," என்றாள். "என்னையும் சேத்து நடுங்க."

பொன்னியம்மா வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் நீளக்கல். முன்சீப் காலடியில் தொப்பென்று போட்டாள்.

"இந்தா உன் கல்லு. சுண்ணாம்பு அடிச்சிக்கோ. எழுந்திரு அக்கா, அம்மி மேல உக்காந்தா ஆவாது. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும். நீ சொல்லல. அதுக்கு மேல நான் எப்படி உள்ள உக்காந்துகினு இருப்பேன்?"

கல் எங்கே இருந்தது என்று முன்சீப் கேட்கவே இல்லை. கேட்டால் எழுத வேண்டும், எழுதினால் பதில் சொல்ல வேண்டும். மூக்கைச் சுளித்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு ராஜ்யங்களுக்கும் நடுவே அந்த வாரம் முழுக்கப் பூண்டு வாசனை அடித்தது.

மறுநாள் காலை புது வீட்டில் ஒரு பெட்டியைக்கூட அவிழ்க்கவில்லை. அம்மியை மட்டும் அடுப்பங்கரையில் போட்டிருந்தாள் தபீதாள். தெரியாத ஊர், தெரியாத தெரு. யாரிடம் போய் ஒரு துண்டு இஞ்சி கேட்பது என்ற பழைய பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. கதவு தட்டப்பட்டது. ஒரு மைல் நடந்த வேர்வையோடு பொன்னியம்மா நின்றாள், கையில் மிளகாயும் தனியாவும் போட்ட கிண்ணத்தோடு.

"அரைச்சிக்கினு பூடறேன்கா."

தபீதாள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். போன ஊர் எதிலும் முதல் நாளே அவள் அடுப்பங்கரைக்கு ஒருத்தி வந்ததில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நாளைக்கும் வருவியா?"

"வராம பின்ன?" என்றாள் பொன்னியம்மா, குழவியை இழுத்துக்கொண்டே. "என் அம்மிதான் கவர்மெண்டு வேலைக்குப் பூடுச்சே."