நூற்று நாற்பத்தாறு யூனிட்

நான் போட்ட கணக்கு எண்பத்திரண்டு யூனிட். வந்தது நூற்று நாற்பத்தாறு. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பணம்கூட அப்புறம்தான். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? விவாகரத்துக்குப் பிறகு மூன்று வருஷம் அவர் வீட்டு உள்ளறையில் இருந்தேன். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு காபி போட்டுக்கொள்ள அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த ஒற்றை அறை ஃபிளாட்டுக்கு நான் வந்தபோது அண்ணன் சொன்னது இதுதான்: "ஒரு மாசம் பாப்போம். கரன்ட் பில் வரட்டும், உனக்குத் தனியா இருக்க வருமா வராதான்னு அதுலயே தெரிஞ்சிடும். லைட்டை அணைக்கிற பழக்கமே உனக்குக் கிடையாது."

அந்த ரோஷத்தில்தான் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். ஃபேன் எழுபத்தைந்து வாட், பதினான்கு மணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு யூனிட். ஃப்ரிட்ஜுக்கு ஒன்று. வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம், அரை யூனிட். மிச்சம் எல்லாம் கால் யூனிட்கூட வராது. லைட்டா? இருட்டில் தடவித் தடவித்தான் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து, ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்தேன். வெளியே போய் மீட்டரைப் பார்த்தால், கரன்ட் ஓடினால் மட்டும் சிமிட்டும் குட்டி விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே வந்து, ஹீட்டர் ஸ்விட்சை ஆத்திரத்தில் ஆன் செய்தேன். திரும்பப் போய்ப் பார்த்தேன். சிமிட்டல் நின்றிருந்தது.

அந்த ஹீட்டர் அண்ணன் கொடுத்த பழசு. அதன் சிவப்பு விளக்கு எப்போதோ செத்துவிட்டது. எலக்ட்ரீஷியனுக்கு எதற்குத் தண்டம் என்று அவரே மாட்டினார், ஸ்விட்சைத் தலைகீழாக. குளிக்கப் போகும்போது நான் அதை அணைத்திருக்கிறேன். குளித்து முடித்ததும் பொறுப்பாக ஆன் செய்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன்.

மதியம் அண்ணன் காலிப் பெட்டியோடு வந்தார். பில்லைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல. கெளம்பு."

"கெளம்பறேன். அதுக்கு முன்னாடி ஒரு வாளி வெந்நீர் பிடிச்சிட்டு ஹீட்டரை அணைச்சிடுங்கண்ணா."

அணைத்தார். ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நான் அணைத்தேன். அவரை மீட்டர் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். விளக்கு சிமிட்டியது. அவர் மீட்டரைப் பார்த்தார், பாத்ரூம் பக்கம் பார்த்தார், காது மடல் சிவந்துபோனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்காக ஏணியில் ஏறி வியர்க்க வியர்க்க மாட்டிய மனுஷர்.

"பில்லை நான் கட்டிடறேன்," என்றார்.

"பாதி கட்டுங்க போதும். வெந்நீர்ல குளிச்சது நான்தானே."

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, "அடுத்த வாரம் நீ வீட்டுக்கு வா," என்றார். எனக்குத் திக்கென்றது.

"இருக்கறதுக்கு இல்லம்மா," குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த நோட்டை எடுத்துட்டு வா. எங்க வீட்டு ஸ்விட்ச் பூரா நான் மாட்டினதுதான். அண்ணிகிட்ட சொல்லாத."