ஜூலை பதினெட்டாம் தேதிக்காரர்

‘பிறப்பு’ என்று எழுதி முடித்துவிட்டு, தூரிகையைச் சிலுவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி பக்கத்து வீட்டு ஷைஜு கேட்டான்.

“பெபிஷாக்கா, அப்பாக்க பொறந்த தேதி சொல்லுங்கோ.”

முன்னால் பந்தலில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அடக்கம். கல்லறையின் தலைமாட்டில் நடுவதற்கான மரச்சிலுவை அது. கறுப்பு அடித்த கட்டையில் ஞானதாசன் என்ற பெயர் வெள்ளையாகக் காயத் தொடங்கியிருந்தது.

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் ஞானதாசன் என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. மண்டேலா என்றால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். சிறையிலிருந்து வெளியே வந்த அந்தப் பெரிய மனிதரின் பிறந்தநாள் ஜூலை பதினெட்டு என்று கோயில் படிப்பகத்துப் பத்திரிகையில் படித்த நாளில் பிடித்த கிறுக்கு அது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவுக்கும் அதே நாள். அதன்பிறகு வருடம் தவறாமல் அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார். பெரிய பானையில் பாயசம் வைத்து, கரையில் யார் வந்தாலும் ஊற்றிக் கொடுப்பார். மீன் படாத நாட்களில் யாராவது புலம்பினால் போதும்.

“அந்த மனுசன் இருவத்தேழு வருசம் உள்ள கெடந்தாரு. நமக்கு ரெண்டு வாரம் பொறுக்க முடியாதோ?”

சிரிப்பார்கள். ஆனால் மறுநாள் வள்ளம் இறக்குவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அதே பாயச நாளில்தான் பெபிஷா அதைக் கெடுத்தாள். அப்பாவின் ஓய்வூதிய மனுவுக்காகக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்திருந்தாள். நவம்பர் இருபத்திரண்டு என்று இருந்தது. பள்ளியில் சேர்த்த அன்று பாட்டிக்குத் தேதி தெரியாமல் போக, வாத்தியார் அன்றைய தேதியையே பிறந்த நாளாக எழுதிவிட்டிருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். இதை மெதுவாக, தனியாகச் சொல்லியிருக்கலாம். அவளோ பள்ளிக்கூட ஆசிரியை; தப்பைக் கண்டால் சிவப்பு மையால் சுழிக்காமல் இருக்கத் தெரியாது. கணவன் வீட்டார் எல்லாரும் தம்ளரும் கையுமாக இருக்கையில் சொன்னாள்.

“அப்பா, இது உங்கள பள்ளிக்கூடத்துல சேத்த நாளு. மண்டேலாவுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர், வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் பாயசம் இல்லை. மனம் கேளாமல் ஜூலை பதினெட்டு காலையில் அவள் போன் போட்டு வாழ்த்துச் சொன்னாள்.

“இன்னைக்கு இல்லல்லா மக்களே. நவம்பர்ல கூப்பிடு.”

குரலில் கோபம் இல்லை. நவம்பரில் அரையாண்டு வினாத்தாள் தயாரிக்கும் அவசரத்தில் அவளுக்கு மறந்துபோனது. அடுத்த நவம்பரிலும் மறந்துபோனது. நேற்று விடியற்காலை வலையை உலர்த்தப் போனவர் மணலிலேயே சாய்ந்துவிட்டார்.

“அக்கா?” என்றான் ஷைஜு.

“ஜூலை பதினெட்டு. ஐம்பத்தேழாம் வருசம்.”

சொன்னதும் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. இதையாவது அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஷைஜு தூரிகையை வெள்ளையில் தோய்த்தான்.

“எழுதாத, மக்கா.”

அம்மா. சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“நவம்பர் இருவத்திரண்டுன்னு எழுது.”

“அம்மா, அப்பாவுக்கு அந்த நாளுதானே பிடிக்கும். நான்தான் தெரியாம...”

“பிடிக்கும், யாரு இல்லன்னா. ஆனா போன ஈஸ்டருக்கே எங்கிட்ட சொல்லி வச்சிட்டாவ. எனக்குச் சிலுவை எழுதும்போ எம்பிள்ள சொன்ன தேதியத்தான் எழுதணும்னு. படிச்ச பிள்ள, தப்பாச் சொல்லாதுன்னாவ. ஊருக்கு முன்னால சொன்னத மாத்துனா பிள்ளைக்குக் கொறச்சலாப் போயிரும்னு.”

பந்தலில் செபமாலையின் அடுத்த பத்து மணி தொடங்கியது. அம்மா திரும்பிப் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள்.

ஷைஜு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து நிதானமாக எழுதினான். இரண்டு, இரண்டு. ஒரு கோடு. ஒன்று, ஒன்று. எழுதி முடித்ததும் சிலுவையை அவள் கையில் கொடுத்தான்.

“கொஞ்சம் வெயில்ல காட்டணும்க்கா. தேதி இன்னும் காயல, கை பட்டுராம பிடிங்கோ.”

அவள் அதைக் கொல்லைப்புறத்து வெயிலுக்குக் கொண்டுபோய், எழுத்தில் விரல் படாமல், இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.