அமிர்தத்தின் கடை வாடகை

வங்கியில் வரிசையில் நின்று, மனைவியின் பாஸ்புக்கில் வரவு பதிந்து வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வீடு வந்த தெய்வசிகாமணிக்குச் சட்டையைக் கழற்றவும் தெம்பில்லை.

மனைவி அமிர்தம் போன தை மாதம் அமெரிக்காவில் மகளிடம் குடியேறிவிட்டாள். இவருடைய விசா இன்னும் ஏதோ காகிதக் குறையில் நிற்கிறது.

பாஸ்புக்கைப் படம் எடுத்து அனுப்பினார். சற்று நேரத்தில் மகள் இலக்கியா வீடியோவில் வந்தாள்.

“அப்பா, கடை வாடகை மொத்தமும் அம்மா கணக்குலயா போவுது?”

“கடை அவ பேர்லதானே இருக்குது. மருமவன்கிட்ட கை நீட்டக் கூடாதுல்ல.”

“அம்மா எங்க பராமரிப்புல இருக்காங்கன்னு காட்டுனா எங்களுக்கு வரி கம்மியாவும்னு இருந்தோம். அவங்களுக்கே இவ்ளோ வருமானம் இருந்தா காட்ட முடியாதுப்பா. அவங்க தனியா கணக்கு குடுக்கணும்.”

“கள்ளக்குறிச்சி வாடகைய அமெரிக்காக்காரன் இன்னாத்துக்குக் கேக்கறான்?”

“இங்க குடியிருந்தா எந்த ஊர்ல வந்தாலும் கணக்குதான்.” இலக்கியா கண்ணைக் கசக்கினாள். தூங்காத முகம். “அடுத்த வருஷத்துக்காவது கடைய உங்க பேருக்கு மாத்திடலாமா?”

அவர் பாஸ்புக்கை மூடி மடியில் வைத்தார். கடையை வாங்கியபோது, ‘அமிர்தம் பேர்லயே எழுதுங்க’ என்று சொன்னவர் அவர்தான். மாற்றினால் மகளுக்குச் சுமை குறையும். ஆனால் அமிர்தம் ஒரு செருப்பு வாங்கவும் யாரையாவது கேட்டு நிற்க வேண்டும்.

“சரிம்மா. நாளைக்குப் பத்திர ஆபீசுல விசாரிக்கறேன்.”

மகளுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. அமிர்தம் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். அவளும் இளைத்திருந்தாள்.

“இன்னாங்க, என் கடைய என்னைக் கேக்காமலே அப்பாவும் பொண்ணும் மாத்திக்கினு இருக்கீங்க?”

“புள்ளைக்குப் பாரமா இருக்குது, அமிர்தம்.”

“என் வரிய நானே கட்டிக்கறேன். அவங்களுக்குக் கம்மியாவறது போனா போவட்டும். அந்த வாடகைலதான் டிக்கெட் எடுத்து ஆடிக்குள்ள ஒருவாட்டி வரணும்னு இருக்கறேன். அதையும் இவகிட்ட கேக்கச் சொல்றீங்களா?”

“ரெண்டு பேரும் சேந்து எனக்குத்தான் வேலை வைக்கறீங்க,” என்றாள் இலக்கியா. தலையைச் சொறிந்தவள் லேசாகச் சிரித்தாள். “சரி வுடுங்க. அம்மாவுக்குத் தனியாவே வரிக்கணக்கு போட்டுடறேன்.”

தெய்வசிகாமணிக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. “ஆடிக்குள்ளயா வர்ற?”

“சொன்னா வருவேன். முதல்ல சட்டையக் கழட்டுங்க. வேர்த்துக்கினு உக்காந்திருக்கீங்க.”

அவர் முதல் பொத்தானை அவிழ்த்தார்.